அவளை எனக்குப் பிடிக்கவில்லை

"இதில் ஒருத்தரைக்கூட எனக்குப் பிடிக்கவில்லை." ஒரு குற்ற நாவலை மூடிவைத்துவிட்டு நாம் சொல்லும் இந்த வாக்கியம் விமர்சனம் இல்லை. கல்யாணப் பந்தியில் யார் பக்கத்தில் உட்காரலாம் என்று தேடும் பார்வை அது. கில்லியன் ஃப்ளின் எழுதிய 'கான் கேர்ள்' 2012இல் வந்தது. அதைப் படித்த மாணவிகளிடமும் சக ஆசிரியைகளிடமும் கவிதை எழுதும் நண்பர்களிடமும் இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. கொஞ்சம் துருவினால் 'ஒருத்தரைக்கூட' என்பது ஒருத்தியிடம் போய் நின்றுவிடும்: ஏமி. சரி, அவள் கணவன் நிக்? "அவனா, அவன் பாவம். கொஞ்சம் அசடு."

அசடு என்னென்ன செய்திருக்கிறான் என்று பார்ப்போம். (முடிவுகளைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. படிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள், கட்டுரை இங்கேயேதான் இருக்கும்.) நியூயார்க்கில் பத்திரிகை வேலை போகிறது, தாய்க்குப் புற்றுநோய் என்று செய்தி வருகிறது. உடனே மனைவியைக் கலந்துகொள்ளாமல், மிசூரி மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் தன் ஊருக்குக் குடிபெயர முடிவெடுக்கிறான். அவளிடம் மிஞ்சியிருந்த பணத்தைப் போட்டு, தன்னோடு இரட்டையாகப் பிறந்த சகோதரியுடன் சேர்ந்து மதுக்கடை திறக்கிறான். பாடம் எடுக்கப்போன கல்லூரியில் இருபத்து மூன்று வயது மாணவியோடு உறவு வைத்துக்கொள்கிறான். ஐந்தாவது திருமண நாளில் மனைவி காணாமல்போகிறாள். போலீஸிடம் தான் சொல்லும் பொய்களை அவனே நமக்கு எண்ணிக்காட்டுகிறான். எண்ணிக்காட்டுகிறவன் நம்மிடமாவது நேர்மையாக இருப்பான் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் மாணவி விஷயத்தை நம்மிடமே பல அத்தியாயங்களுக்கு மறைத்துவைத்திருக்கிறான். ஒருவழியாக அதைச் சொல்லும்போது, இந்த இடத்தோடு என்னை உங்களுக்குப் பிடிக்காமல் போய்விடும் என்று முன்கூட்டியே சொல்லியும் விடுகிறான்.

பிடிக்காமல் போகிறதா? இல்லை. எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். அகப்பாட்டை வகுப்பில் நடத்துகிறவளுக்கு இவன் புதியவன் அல்ல. பரத்தை வீட்டிலிருந்து திரும்பிவந்து, பாணனைத் தூதுவிட்டு, ஒன்றுமே நடக்கவில்லை என்று சாதிக்கிற மருதத் தலைவன்தான். அவன் சொல்வது பொய் என்று தலைவிக்குத் தெரியும், தோழிக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். ஆனாலும் அவன் பொய்யை வகைபிரித்துப் பெயர்வைக்க யாருக்கும் தோன்றவில்லை. தலைவியின் கோபத்துக்குத்தான் புலவி, ஊடல், துனி என்று அளவுவாரியாகப் பெயர் வந்தது.

இனி ஏமி. நாவலின் முதல் பாதியில் நிக்கின் குரலும் ஏமியின் நாட்குறிப்பும் மாறிமாறி வருகின்றன. நாட்குறிப்பு 2005இல் தொடங்குகிறது. காதலித்தவள், விட்டுக்கொடுத்தவள், போகப்போகக் கணவனைக் கண்டு பயப்படத் தொடங்கியவள் அதில் தெரிகிறாள். நடுவில் நாவல் குப்புறப் புரள்கிறது. ஏமி சாகவில்லை, காரோட்டிக்கொண்டு போய்க்கொண்டிருக்கிறாள். கணவனைக் கொலைக் குற்றத்தில் மாட்டிவைக்க, போலீஸ் கையில் கிடைக்க வேண்டும் என்றே உட்கார்ந்து எழுதிய நாட்குறிப்பு அது. அந்த இடத்தில் நம்மைப் பார்த்து அவள் பேசுகிறாள். நாட்குறிப்பில் வந்த ஏமியை உங்களுக்குப் பிடித்திருந்ததல்லவா, உங்களைப் போன்றவர்களுக்குப் பிடிக்க வேண்டும் என்றுதான் அவளை உண்டாக்கினேன் என்கிறாள்.

திருப்பத்தின் வேகத்தில் இந்தப் பேச்சைத் தாண்டி ஓடிவிடுகிறோம். எனக்கோ, அவள் உயிரோடிருக்கிறாள் என்பதைவிடப் பெரிய திருப்பம் இதுதான். ஒரு பெண் சொல்வதை உலகம் நம்ப வேண்டுமானால், முதலில் அவளை உலகத்துக்குப் பிடிக்க வேண்டும். ஏமிக்கு இது கணக்குப் பாடம்போலத் தெரிந்திருக்கிறது. தெரியாமல் எப்படி இருக்கும்? பெண்கள் பத்திரிகைகளுக்கு 'நீங்கள் எப்படிப்பட்டவர்' வகைக் கேள்வித்தாள் தயாரிப்பது அவள் பிழைப்பாக இருந்தது. அவள் பெற்றோர் இருவரும் உளவியலாளர்கள். மகள் பெயரிலேயே 'அமேசிங் ஏமி' என்று குழந்தைகள் நூல்வரிசை எழுதிப் பணமும் பேரும் பார்த்தவர்கள். நிஜ ஏமி எங்கே தடுக்கி விழுந்தாளோ அங்கே காகித ஏமி ஜெயிப்பாள். ஊருக்கெல்லாம் பிடித்த குழந்தை அலமாரியில் நிற்க, அதே வீட்டில் இவள் வளர்ந்தாள். புத்தகம் விற்காமல் போனதும் இவள் பேரில் போட்டிருந்த பணத்தையும் அவர்களே கடனாகக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். பிடித்தவளாக இரு என்ற கட்டாயம் ஒரு பெண்ணை என்ன செய்யும் என்பதைத்தான் இந்த நாவல் நானூறு பக்கத்துக்கு எழுதிக்காட்டுகிறது. படித்து முடித்ததும் அதே கட்டாயத்தை நாம் அவள்மேல் சுமத்துகிறோம்.

நிக்குக்கும் இதே கதிதானே, தொலைக்காட்சிக்காரர்கள் அவனைத் தூக்கில் போடாத குறையாகப் பேசுகிறார்களே என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. காணாமல்போன மனைவியின் படத்துக்குப் பக்கத்தில் நின்று அவன் சிரித்துவிடுகிறான். அந்தச் சிரிப்பு அவனைக் கொலைகாரனாக்கிவிடுகிறது. ஆனால் அவனுக்கு டேனர் போல்ட் என்றொரு விலையுயர்ந்த வழக்கறிஞர் கிடைக்கிறார். எப்படி உட்கார வேண்டும், எந்த இடத்தில் குரல் தழைய வேண்டும் என்று ஒத்திகை நடக்கிறது. ஒரே ஒரு பேட்டி, ஊர் மனசு மாறிவிடுகிறது. ஆண் பிடித்தவனாக மாற ஒரு பிற்பகல் போதும். ஏமிக்கு ஒரு வருஷத்துக்குமேல் உட்கார்ந்து, ஏழு வருஷ நாட்குறிப்பைப் புனைய வேண்டியிருந்தது. அதுவும் அவள் பொன்னிறக் கூந்தலுள்ள, வசதியான வீட்டு வெள்ளைப் பெண் என்பதால்தான் கேமராக்கள் அவள் ஊருக்கு வண்டி கட்டிக்கொண்டு வந்தன. 'காணாமல்போன வெள்ளைப் பெண் நோய்க்குறி' என்று இதற்கு 2004இல் பெயர் வைத்தவர் கறுப்பினப் பத்திரிகையாளர் க்வென் ஐஃபில். கறுப்பினப் பெண் காணாமல்போனால் அவளைப் பிடித்தவளாக்கிக் காட்ட நாட்குறிப்பும் போதாது.

'நம்பகமற்ற கதைசொல்லி' என்ற கலைச்சொல்லை வேய்ன் பூத் 1961இல் 'தி ரெட்டரிக் ஆஃப் ஃபிக்ஷன்' என்ற நூலில் கொடுத்தார். வகுப்பில் சொல்லும்போது சுத்தமாக இருக்கிறது. பிரதியின் மதிப்பீடுகளுக்கும் கதைசொல்லியின் மதிப்பீடுகளுக்கும் இடையே உள்ள தூரம்தான் அது. இதில் ஆண் ஏது, பெண் ஏது? நடைமுறையில் பாருங்கள். அகதா கிறிஸ்டியின் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' 1926இல் வந்தது. கதை சொல்லும் டாக்டர் ஷெப்பர்டுதான் கொலையாளி. கிராமத்து மருத்துவர், ஆண், அளந்து பேசுகிறவர். அதனாலேயே நாம் அவரைச் சந்தேகப்படுவதில்லை. உண்மை வெளிப்பட்டதும் கிறிஸ்டியின் சாமர்த்தியம் என்று கைதட்டுகிறோம். அதே வீட்டில் அவருடைய அக்கா கரோலின் இருக்கிறாள். கல்யாணமாகாதவள், ஊர்வம்பு பேசுகிறவள். வீட்டைவிட்டு நகராமலேயே பால்காரர் வழியாகவும் வேலைக்காரிகள் வழியாகவும் ஊர் முழுவதையும் அறிந்துவைத்திருக்கிறாள். அவள் ஊகங்களில் பெரும்பாலானவை சரி. அவளை நம்பகமானவள் என்று எந்தப் பாடநூலும் சொல்லி நான் படித்ததில்லை. கிறிஸ்டிக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. தன் மிஸ் மார்பிள் இந்தக் கரோலினிடமிருந்து வந்திருக்கக்கூடும் என்று தன்வரலாற்றில் எழுதினார்.

ஷெப்பர்டின் பொய் சாமர்த்தியம். கதை சொல்ல ஒரு பெண் வந்து உட்கார்ந்ததும் அது வியாதியாகிவிட்டது. 2012க்குப் பிறகு ஆங்கிலத்தில் வந்து குவிந்த, தலைப்பில் 'கேர்ள்' என்ற சொல்லைத் தாங்கிய நாவல்களை வாசித்துப் பாருங்கள். முப்பது தாண்டிய பெண்களெல்லாம் அங்கே கேர்ள்தான். ஒருத்தி குடிக்கிறாள், ஒருத்தி மாத்திரை போடுகிறாள், ஒருத்திக்கு நினைவு தப்புகிறது. பின்னட்டையில் 'இவளை நம்பலாமா?' என்ற கேள்வி கட்டாயம் இருக்கும்.

இந்தக் கூட்டத்தில் பவுலா ஹாக்கின்ஸின் 'தி கேர்ள் ஆன் தி ட்ரெயின்' 2015இல் வந்தது. ஃப்ளின் அளவுக்கு வாக்கியம் எழுதத் தெரிந்தவர் அல்ல ஹாக்கின்ஸ். ஆனால் இந்த விஷயத்தில் அவர்தான் ஒரு படி ஆழமாகப் போனார். ரேச்சல் குடிகாரி. குடியால் வேலை போனபின்பும் வீட்டில் தங்கவைத்திருக்கும் தோழிக்குத் தெரியக் கூடாது என்று தினமும் காலையில் லண்டன் ரயிலில் ஏறுகிறாள். ரயில் அவளுடைய பழைய வீட்டைத் தாண்டிப் போகும். அங்கே இப்போது அவள் முன்னாள் கணவன் டாமும் புது மனைவி ஆனாவும் குழந்தையும். பக்கத்தில் சில வீடுகள் தள்ளி வசிக்கும் மேகன் என்ற பெண் காணாமல்போகிறாள். அந்த இரவு ரேச்சல் அதே தெருவில் இருந்தாள். குடித்திருந்ததால் எதுவும் நினைவில்லை. அவள் போலீஸுக்குப் போகிறாள். அவள் வாயிலிருந்து வரும் வாடையை முகர்ந்ததோடு விசாரணை முடிந்துவிடுகிறது.

ரேச்சலின் நினைவில் ஓட்டைகள் இருந்தது உண்மை. அந்த ஓட்டைகளை யார் நிரப்பினார்கள்? மறுநாள் காலையில் டாம் நிரப்பினான். நேற்று நீ இப்படி நடந்துகொண்டாய், எனக்கு அவமானமாகப் போயிற்று, கோல்ஃப் மட்டையை எடுத்து என்னை அடிக்க வந்தாய், சுவரைப் பார், காரை பெயர்ந்திருக்கிறது. அவளும் நம்பி மன்னிப்புக் கேட்டாள், மறுபடி குடித்தாள். ஆனால் அவளுக்குள் மிச்சமிருந்தது மட்டையைத் தூக்கிய கோபம் அல்ல, ஒடுங்கி உட்கார்ந்த பயம். நினைவு ஒன்று சொல்கிறது, கணவன் வேறொன்று சொல்கிறான். வருஷக்கணக்காக அவள் கணவனையே நம்பினாள். நாவலின் முடிவில்தான் மட்டை யார் கையில் இருந்தது என்று தெரிகிறது. பாட்ரிக் ஹாமில்டன் 'கேஸ் லைட்' நாடகத்தை எழுதியது 1938இல். உனக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டது என்று மனைவியிடம் சாதிக்கிற கணவனின் கதை அது. ஹாக்கின்ஸின் கணவனுக்கு அந்த விளக்குகூடத் தேவைப்படவில்லை.

இப்போது 'நம்பகமற்ற கதைசொல்லி' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு ரேச்சல் என்று எடுத்துக்காட்டு கொடுத்தால் அது யாருக்குச் சாதகம்? அவள் நம்பகமின்மை அவள் குணம் இல்லை. ஒருவன் தன் வசதிக்காக அவளுக்குள் கட்டியது. மாணவிகளே, இந்தக் கலைச்சொல்லைத் தேர்வுத்தாளில் எழுதும்போது கூடவே ஒரு கேள்வியையும் எழுதுங்கள்: இவளை நம்பாதிருப்பதால் யாருக்கு லாபம்? மதிப்பெண் குறைந்தால் என்னிடம் வாருங்கள்.

இது நாவலோடு முடிகிற விவகாரமாக இருந்தால் நான் இவ்வளவு கோபப்பட மாட்டேன். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர் மேத்யூ ஹேல். வன்புணர்வுக் குற்றச்சாட்டைச் சொல்வது எளிது, நிரூபிப்பது கடினம், நிரபராதிக்கு அதிலிருந்து தப்புவது அதைவிடக் கடினம் என்று அவர் எழுதிவைத்தார். அவர் இறந்த பிறகு 1736இல் அச்சான இந்த எச்சரிக்கை அமெரிக்க நீதிமன்றங்களில் ஜூரிகளுக்குப் படித்துக்காட்டப்பட்டது. கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டாயத்தை நீக்கியது 1975இல். இங்கிலாந்தில், பெண்ணின் சாட்சியத்தை மட்டும் வைத்து முடிவெடுப்பது ஆபத்து என்று ஜூரியை எச்சரித்தே ஆக வேண்டும் என்ற விதி 1994வரை இருந்தது. இதே ஹேல் 1662இல் இரண்டு விதவைகளைச் சூனியக்காரிகள் என்று தூக்குக்கு அனுப்பியவர். அவர்களில் ஒருத்தியின் பெயர் ஏமி. தற்செயல்தான், அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. இங்கே 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், புகார் கொடுத்த பெண் பொதுவாக ஒழுக்கங்கெட்டவள் என்று காட்டி அவள் சாட்சியத்தை உடைக்க எதிர்த்தரப்புக்கு அனுமதி கொடுத்தது. 155ஆம் பிரிவின் அந்த உட்பிரிவு 2002 திருத்தத்தில்தான் நீங்கியது.

சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கியது, மனிதர்களிடம் இருக்கிறது. 1992இல் ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப்போன பன்வாரி தேவி கூட்டு வன்புணர்வுக்கு ஆளானார். 1995இல் விசாரணை நீதிமன்றம் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து அத்தனை பேரையும் விடுவித்தது. நம்பப்படாத அந்தப் பெண்ணின் வழக்கைத் தொட்டுத்தான் 1997இல் விசாகா வழிகாட்டுதல்கள் வந்தன, 2013இல் சட்டம் வந்தது, நம் கல்லூரிகளில் உள்ளகப் புகார்க் குழுக்கள் வந்தன. அப்படியொரு குழுவில் நான் இருந்திருக்கிறேன். என்ன புகார், யார்மீது என்று சொல்லச் சட்டம் இடம் தராது, எனக்கும் விருப்பமில்லை. எந்தக் கோப்பிலும் ஏறாத ஒரு பேச்சை மட்டும் சொல்கிறேன். தேநீர் வந்த நேரத்தில் உறுப்பினர் ஒருவர், அவரும் பெண்தான், சொன்னார்: "அந்தப் பொண்ணு யார்கிட்டயும் ஒட்டாது மேடம். எல்லார்கிட்டயும் எடுத்தெறிஞ்சுதான் பேசும்." தேநீருக்குப் பிறகு அந்தப் பெண்ணிடம் கேட்கப்பட்ட கேள்விகளின் தொனி வேறாக இருந்தது. அவள் சொன்ன தேதியில், நேரத்தில், இடத்தில் எதுவும் மாறியிருக்கவில்லை. அவளைப் பிடிக்காமல் போயிருந்தது, அவ்வளவுதான்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு எழுதப்பட்ட நாவல் என்பதால்தான் 'கான் கேர்ள்' மீது எனக்கு வழக்கு இருக்கிறது. பெண்கள் இயல்பிலேயே நல்லவர்கள் என்ற எண்ணத்தை ஏற்க முடியாது என்று ஃப்ளின் சொல்லியிருக்கிறார். நானும் ஏற்கவில்லை. தியாகத் தாயையும் பொறுமைத் தங்கையையும் எழுதி எழுதியே நம்மை ஒழித்தார்கள். கெட்டவள் வரட்டும், கொலை செய்யட்டும். ஆனால் கெட்டவளாக இருக்க ஒரு பெண்ணுக்கு எத்தனையோ வழி இருக்க, ஏமியின் கையில் ஃப்ளின் கொடுத்த ஆயுதங்களைப் பாருங்கள். நாட்குறிப்பு, மணிக்கட்டில் கட்டுத்தடம், உடலில் காயம், மருத்துவப் பரிசோதனை. அடிபட்ட பெண்ணுக்கு நீதிமன்றத்தில் இருக்கும் சொத்து மொத்தமும் இவ்வளவுதான். பழைய காதலன் ஒருவன்மேல் பொய்யான வன்புணர்வுப் புகார், பிறகு தன்னை ஒளித்துவைத்த டெசியைக் கொன்றுவிட்டு அவன்மேலும் அதே புகார். ஒரு முறை என்றால் கதைக்குத் தேவைப்பட்டது என்று விடலாம். இரண்டாம் முறை ஹேலின் பழைய பயத்தை எடுத்துக் கதையின் இயந்திரத்துக்கு எண்ணெயாக ஊற்றியிருக்கிறார். டெசி அவளைத் தன் ஏரிக்கரை வீட்டில் பூட்டியே வைத்திருந்தான், உணவையும் கூந்தல் நிறத்தையும் அவனே தீர்மானித்தான் என்பதையும் நாவலே எழுதுகிறது. அந்த நிஜக் குற்றம் ஏமியின் பொய்க்கடியில் புதைந்துபோகிறது. வாசித்த பலருக்கு அது நினைவிலேயே இல்லை.

மறுபக்கத்தில் ஏமியைக் கொண்டாடும் தோழியரோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. 'கூல் கேர்ள்' பற்றி அவள் பேசும் நீண்ட பேச்சை டீஷர்ட்டில் அச்சடிக்காத குறை. பந்தாட்டம் ரசித்து, ஆபாச ஜோக்குக்குச் சிரித்து, வயிறு புடைக்கத் தின்றும் மெலிந்தே இருந்து, ஒருபோதும் கோபப்படாத அந்தப் பெண் ஆண்களின் கற்பனை என்று அவள் சொல்வது சரி. ஆனால் அந்தப் பேச்சின் பாதி, அந்த வேஷத்தைப் போட்டுக்கொள்ளும் பெண்கள்மேல் காறித் துப்புகிறது. மேற்கோள் காட்டுகிறவர்கள் மற்றப் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நம் கருத்தைச் சொல்கிறாள், அதனால் பிடிக்கிறது, அதனால் அவள் நம்மவள் என்பதும் பந்தியில் இடம் பார்க்கிற வேலைதான்.

2013இல் கிளேர் மெசூட் 'தி வுமன் அப்ஸ்டேர்ஸ்' எழுதியபோது ஒரு பேட்டியில், உங்கள் நாயகி நோராவோடு யாருக்கு நட்பாக இருக்கத் தோன்றும் என்கிற மாதிரி கேட்டார்கள். மெசூட் கொதித்துவிட்டார். ஹம்பர்ட் ஹம்பர்ட்டோடு நட்பாக இருப்பீர்களா, ஹாம்லெட்டோடு, ஈடிபஸோடு இருப்பீர்களா என்று பெயர்களை அடுக்கினார். சிறுமியைச் சிதைத்த ஹம்பர்ட்டின் வாக்கிய அழகை நாம் கருத்தரங்குகளில் பேசுகிறோம். நோரா செய்த குற்றம் கோபமாக இருந்தது. அவளுக்கு நட்புத் தகுதிச் சான்றிதழ் கேட்டார்கள்.

ஹாக்கின்ஸின் நாவலில் ரேச்சலுக்கும் ஆனாவுக்கும் ஒருத்தியை ஒருத்திக்குக் கடைசிவரை பிடிக்காது. ஆனாவுக்கு ரேச்சல், தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகப்பார்த்த குடிகாரி. ரேச்சலுக்கு ஆனா, தன் கட்டிலில் வந்து படுத்தவள். டாம்தான் மேகனைக் கொன்றான் என்று சொல்ல ரேச்சல் அந்த வீட்டுக்கு வருகிறாள். ஆனா ஏற்கெனவே டாமின் பைக்குள்ளிருந்து மேகனின் கைபேசியை எடுத்துவிட்டாள், தெரிந்துகொண்டு வாய் திறக்காமல் இருக்கிறாள். டாம் ரேச்சலைக் கொல்ல வரும்போது ரேச்சல் தக்கைத் திருகியை அவன் கழுத்தில் செருகுகிறாள். ஆனா ஓடிவந்து குனிகிறாள். ரத்தத்தை நிறுத்தத்தான் போகிறாள் என்று நினைக்கிறோம். அவள் திருகியைப் பிடித்து இன்னும் ஆழமாகத் திருகுகிறாள். பிறகு போலீஸிடம் இருவரும் ஒரே கதையைச் சொல்கிறார்கள். அந்தக் கதையில் ஆனா காப்பாற்றத்தான் போனாள். ரேச்சலின் வார்த்தையை அதுவரை தூசுக்கும் மதிக்காத போலீஸ், ஆமாம் என்று எழுதிக்கொள்கிறது.